விருது நெட்டைக்கா, குட்டைக்கா?

நெமிலிச்சேரியில் எட்டரை மணி வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறியதும் நான் போனைத் திறந்துவிடுவேன். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் இரவு. அங்கே மேற்குக் கரையில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டங்கள் நமக்குக் காலையில் வரும். கல்லூரியில் மூன்று வருஷம் ஆடியவள் நான். பெரியகுளம் பக்கத்து ஊர்க்காரிக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளும் பந்தோடுதான் வளர்வார்கள். அம்பத்தூரில் மென்பொருள் வேலை கிடைத்து, நெமிலிச்சேரியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகு பந்தைத் தொடவில்லை. பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் என் தலைக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "பந்தத் தட்டாம மூணு ஸ்டெப் வச்சான். இன்னா, விசிலே அடிக்கல?"

நிமிர்ந்து பார்த்தேன். நன்றாகவே நிமிர வேண்டியிருந்தது. ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. தொங்கும் கைப்பிடிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு மேலே ஓடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. பெட்டிகளுக்கு அடியில் புகுந்து பிரேக்குகளைச் சரிபார்ப்பவர். ஐந்தடி ஓர் அங்குலக்காரியான நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். நெமிலிச்சேரியில் ஃபிளாட்டுகள் வருவதற்கு முன்பே நெல் போட்ட குடும்பம் அவருடையது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர் என்பதையும், முட்டி போனதும் ஆட்டத்தை விட்டார் என்பதையும் அன்றே சொன்னார். அவரை நான் அக்கா என்றேன். அவர் என்னை "மா" என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

நெமிலிச்சேரியிலிருந்து அண்ணனூர் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே பேச்சு. ஒவ்வொரு சீசன் முடிவிலும் மிகவும் மதிப்புள்ள ஆட்டக்காரர் என்று ஒருவருக்கு அங்கே விருது கொடுப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் இரண்டு பேர் போட்டியில் இருந்தார்கள். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நெட்டை, குட்டை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். குட்டையும் ஆறடிக்கு மேல்தான். நெட்டை வளையத்துக்கு அடியில் நின்று புள்ளிகளைக் குவிப்பவன். குட்டை பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவன்.

நான் நெட்டையின் கட்சி. அக்கா குட்டையின் கட்சி.

வெளியிலிருந்து பார்த்தால் இது தலைகீழ். அக்கா ஆடிய காலத்தில் வளையத்துக்கு அடியில் நின்று புள்ளி போட்டவர். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் வேலை செய்தவள் நான்தான். அக்காவுக்கு நெட்டையைப் பிடிக்க வேண்டும், எனக்குக் குட்டையை. இதை நான் ஒரு தடவை கேட்டேன். உனக்கு உன் ஆட்டத்தோட அருமை தெரியல என்று சொல்லிவிட்டு, அக்கா ஆவடியில் ஏறிய கூட்டத்துக்கு வழிவிட்டு நகர்ந்துவிட்டார்.

என் பக்கம் எனக்கு நியாயம் இருந்தது. கல்லூரியில் நான் வளையத்தைப் பார்த்து எறிந்தது மிகக் குறைவு. தவறிவிட்டால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம். அதனால் பந்து கைக்கு வந்ததும் அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவேன். பயிற்சியாளர் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டினார். எனக்குத்தான் தெரியும் அது என்னவென்று. துணிந்து எறிகிறவர்கள்மீது எனக்கு அப்போதிருந்தே ஒரு மயக்கம்.

விவாதம் நன்றாகவே வளர்ந்தது. அக்கா பணிமனையில் மதியச் சாப்பாட்டின்போது யோசித்த வாதங்களை மறுநாள் காலை கொண்டுவருவார். நான் அலுவலகத்தில் ஒரு விரிதாளே வைத்திருந்தேன். குட்டை ஆடாத நாட்களில் அவன் அணி எப்படித் தடுமாறுகிறது என்று அக்கா கேட்பார். நெட்டை ஆடாத நாட்களில் அவன் அணி தடுமாறக்கூட முடியாமல் படுத்துவிடுகிறதே என்று நான் கேட்பேன். பெட்டியில் பூக்கட்டிக்கொண்டு வரும் அம்மா ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் உங்க சொந்தக்காரப் பசங்களா என்று ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்றார் அக்கா.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை எங்களுக்குள் சண்டை வந்தது. முதல் நாள் ஆட்டத்தில் குட்டை ஏராளமாகப் பந்து கொடுத்திருந்தான். அக்கா அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இரவு சரியான தூக்கமில்லை, அலுவலகத்தில் அன்று ஒரு கெடு வேறு. வாய் தவறிவிட்டது.

"பாஸ் யாரு வேணா குடுக்கலாம்க்கா. நானே குடுத்திருக்கேன். உள்ள போட்டவளைத்தான் ஊரு ஞாபகம் வச்சிருக்கும். குடுத்தவளை எவ நெனைக்கிறா?"

அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். அண்ணனூரில் என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

மறுநாள் பெண்கள் பெட்டியில் அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நடைமேடையில் பார்த்தேன். நான் வருவதைக் கண்டதும் பொதுப் பெட்டிப் பக்கம் நடந்தார். அந்த உயரத்தை எங்கே மறைக்க முடியும்? ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. முன்பின் பார்த்திராத இரண்டு ஆட்டக்காரர்களுக்காக இப்படி ஒரு கோபமா என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் போனைத் திறக்கவே பிடிக்கவில்லை. பத்தாம் நாள் நானும் பொதுப் பெட்டியில் ஏறி, அண்ணனூரில் அவர் பின்னாலேயே இறங்கினேன்.

நான் இறங்குவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உனக்கு ஆபீசுக்கு லேட்டாகும், போ என்றார். ஆகட்டும் என்றேன். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மேல் கோபமில்லை என்றுதான் ஆரம்பித்தார். பிறகு சொன்னார்.

அவரும் அவருடைய தோழி ஒருத்தியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். தோழி அடுத்த தெரு. உயரம் குறைவு, கால் வேகம். வேலைக்கான தேர்வு ஆட்டத்துக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அன்று தோழி வளையத்தைப் பார்த்து எறியவே இல்லை. பந்து கைக்கு வந்தபோதெல்லாம் அக்காவைத் தேடித் தேடிக் கொடுத்தாள். அக்கா போட்டதில் முக்கால்வாசி அவள் கொடுத்த பந்து. இருந்தது ஓர் இடம்தான். அக்காவின் பெயர் வந்தது.

"இந்த ஷெட்டாண்ட கால் வைக்கறப்போ எல்லாம் அவ ஞாபகம் வரும்மா. இருவத்திரண்டு வருசம். நான் கத்தறது அந்தக் குட்டைக்கோசரம்னு நெனச்சியா?"

அந்தத் தோழி இப்போது எங்கே என்று கேட்டேன். திருவேற்காட்டில்தான். கல்யாணங்களில் பார்த்துக்கொள்வார்களாம், குழந்தைகளைப் பற்றிப் பேசுவார்களாம். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிடலாம் என்றேன். அக்கா முடியாது என்றார். சனிக்கிழமை இரவு அவரே போன் செய்து, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனோம். அக்கா முட்டியை மடக்க இடமில்லாமல் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். கோயிலைத் தாண்டி, வீடு கட்டாமல் விட்டிருந்த மனைகளின் நடுவே ஒரு தார்ச் சாலை. தோழி அங்கேதான் இருந்தார். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வண்டியில் போய்க்கொண்டிருக்க, பக்கத்திலேயே இவர் ஓடிக்கொண்டிருந்தார். கால் வேகம் இன்னும் குறையவில்லை. எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை; இரண்டு சுற்று முடிகிறவரை ஓரமாக நிற்கும்படி கையால் சொன்னார்.

பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாகச் சிரித்தார். அக்கா வாயைத் திறப்பதாக இல்லை. கடைசியில் நானே எங்கள் விவாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நெட்டை, குட்டை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடித்ததும் அக்காவைப் பார்த்தார்.

"இத்தயாடி இத்தினி வருசம் மனசுல வச்சிகினு கீற? அன்னிக்கு எனக்குக் கட்டை விரல் வீங்கிப் போயிருந்திச்சி. நான் எறிஞ்சா ரிங்குக்கே போயிருக்காது. அதான் உன்னாண்ட தள்ளிகினே இருந்தேன்."

அக்கா நம்பாமல் பார்த்தார்.

"நாலு நாள் அழுதேன், இல்லன்னு சொல்லல," என்றார் தோழி. "ஆனா உம்மேல கோவம் வர்ல. நான் குடுத்தத எல்லாம் நீ உள்ள போட்டியே. விட்டிருந்தீன்னா, அப்போ வந்திருக்கும் கோவம்."

கல்லூரியில் நான் கொடுத்த பந்து வளையத்துக்குள் விழும்போது உள்ளே ஒரு சந்தோஷம் வரும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நானே அதை ஒரு பொருட்டாக எண்ணியதும் இல்லை. பயத்தால் கொடுத்தேன் என்பது உண்மைதான். அந்தச் சந்தோஷமும் உண்மைதான். திருவேற்காட்டு வெயிலில் நின்றுகொண்டு, பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அதை ஒப்புக்கொண்டேன், மனசுக்குள்.

அவர் வீட்டில் இட்லி சாப்பிட்டோம். வழக்கைத் தீர்க்கச் சொல்லி, போனில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினோம். ஒரு தரப்பில் நெட்டை, மறு தரப்பில் குட்டை. ஆறேழு நிமிஷம் உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு, எதிரணிக்காரனை மறித்துக்கொண்டு ஓரத்தில் ஓடிய ஒருவனைக் காட்டி, இவன் யார், இவன்தானே ரெண்டு பக்கமும் ஓடுகிறான், விருதை இவனுக்குக் கொடுங்கள் என்றார். அவன் போட்டியிலேயே இல்லை என்று நானும் அக்காவும் ஒரே குரலில் சொன்னோம். அந்த சீசனில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் கூட்டமில்லை. பருத்திப்பட்டு தாண்டியதும் அக்கா பேசினார்.

"பொய் சொன்னா."

"எது பொய்க்கா?"

"வெரலு. அன்னிக்குக் காலைல எனக்கு சடை பின்னி ரிப்பன் கட்டினதே அவதான். இறுக்கி முடிச்சுப் போட்டா, ஆட்டம் முடியிற வரைக்கும் அவுறல. வீங்கின வெரலால அப்படிப் போட முடியுமா?"

அக்கா அழவில்லை. அழப்போகிறவரைப் போலவும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்பவும் பாஸ்தான் குடுக்கறா பாரு என்றார். எப்போதோ கேட்டிருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன். கேட்டிருக்கலாம்தான், பயமாக இருந்தது என்றார்.

மறுநாளிலிருந்து மறுபடியும் பெண்கள் பெட்டி, மறுபடியும் விவாதம். அக்கா கட்சி மாறவில்லை. நானும் மாறவில்லை. ஆனால் குட்டை நல்ல பந்து ஒன்று கொடுத்தால் நான் முதல் ஆளாகச் சொல்லிவிடுவேன். ஏப்ரலில் திருவேற்காட்டில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் அக்காவும் வருவார். தோழி என் பக்கத்தில் ஓடுவார், அக்கா ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரையும் குறை சொல்வார். இடையில் அவர்கள் அந்தத் தேர்வு ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நடுவர் யார், பஸ்ஸில் என்ன சாப்பிட்டார்கள், திரும்பி வரும்போது மழை பெய்ததா இல்லையா என்று. மழையைப் பற்றி இன்றுவரை முடிவாகவில்லை. விரலைப் பற்றி மட்டும் அக்கா எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு காலையில் செய்தி வந்தது. விருது நெட்டைக்கு. என்னுடைய ஆள். நெமிலிச்சேரி நடைமேடையில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு நின்றேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"குடுத்துட்டுப் போட்டும்," என்றார். "பத்திரிகைக்காரன் எவனாச்சும் பந்து புட்ச்சிகீறானா?"

வண்டி பட்டாபிராம் தாண்டும்போது என் போன் அடித்தது. திருவேற்காட்டிலிருந்து தோழி. இரண்டு பக்கமும் ஓடிய அவருடைய ஆளுக்கு ஒரே ஓர் ஓட்டுக்கூட விழவில்லையாம். இது என்ன நியாயம் என்று என்னிடம் கேட்டார், நான்தான் ஓட்டுகளை எண்ணினேன் என்பதுபோல. நான் பதில் சொல்வதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டார். அவன் ஓடினான் சரி, எங்கே ஓடினான் என்று ஆரம்பித்தார். ஆவடியில் கூட்டம் ஏறியது, பூக்கட்டும் அம்மா ஏறினார், எதுவும் அக்காவைத் தடுக்கவில்லை. அண்ணனூர் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே, இன்னொரு கையை வீசி வீசிப் பேசிக்கொண்டே இறங்கிப் பணிமனைப் பக்கம் நடந்தார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் நினைவு வந்தது, அது என் போன். அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் அப்போது குட்டைக்காக வாதாடிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.