சிதம்பரத்துக்குப் போன டம்ளர்

காலை ஏழு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரி செல்வியும். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் எனக்கு டிபி வந்ததிலிருந்து அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் டாக்டரம்மா சொல்லிவிட்டார். "சளியில கிருமி இல்ல. மாத்திரையும் முடிஞ்சுது. உலகம் பூரா இருக்கிற நோய்ங்க இது, உங்க பாவத்துக்கு வந்ததில்ல. நிம்மதியா போங்க."

குணமானால் வந்து கும்பிடுகிறேன் என்று நடராஜரிடம் வேண்டியிருந்தேன். அந்தக் கடன் ஒரு பக்கம். சிதம்பரத்தில் இருக்கும் செல்வியின் தம்பி குமார் வீட்டில் என்னைப் பழையபடி பக்கத்தில் உட்கார வைப்பார்களா என்ற பயம் ஒரு பக்கம்.

அதனால் மஞ்சப் பையில் என் சில்வர் டம்ளரையும் வைத்துக்கொண்டேன். டம்ளரால் ஒட்டாது, இருமினால் காற்றில்தான் பரவும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். மனசு கேட்டால்தானே! போகிற இடமெல்லாம் அதுவும் வந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முன் சீட்டில் ஒருவர் விடாமல் இருமினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

"எத்தினி நாளா இருமல்?" என்றேன்.

"ஒரு மாசம் இருக்கும். பீடிதாங்க காரணம்."

"பீடின்னு விட்டுடாதீங்க. ஆஸ்பத்திரில சளி குடுத்துப் பாருங்க. எனக்கும் இருந்துச்சு. மாத்திரை சும்மாதான் தராங்க."

என்னிடமிருந்த மாஸ்க்கைக் கொடுத்து, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டேன்.

குமார் வீட்டில் அவன் பெண்சாதி காபி கொண்டுவந்தாள். நான் பையிலிருந்து டம்ளரை எடுத்தேன். "இதுல ஊத்தும்மா."

"இன்னா மாமா, எங்க வூட்டு டம்ளர்ல ஓட்டையா?" என்ற குமார் அதை வெடுக்கென்று பிடுங்கி, தன் காபியை அதில் ஊற்றி மடமடவென்று குடித்தான். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். தோளோடு தோள் இடித்தது. எத்தனையோ மாதம் எங்கள் ஊர்க் கோயிலில்கூட கோபுரத்தைப் பார்த்து வெளியிலேயே கும்பிட்டவன், அன்று பொன்னம்பலத்தின் எதிரே நின்று மூச்சை நிறைய இழுத்துவிட்டேன்.

திரும்பும்போது புதுச்சத்திரம் கிட்டே போன் வந்தது.

"மாமா, டம்ளர விட்டுட்டுப் போயிட்டீங்க!"

"அங்கயே இருக்கட்டும் மச்சான்."

"கேட்டாலும் தர மாட்டேன். அதுல காபி நல்லாருக்கு."

கடலூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஊரே குடிக்கும் கண்ணாடி கிளாசில் டீ வாங்கிக் குடித்தேன். என் கையிலிருந்து வாங்கி செல்வியும் ஒரு வாய் குடித்தாள்.