நல்ல பேஷண்ட்

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். பாடம் நடத்த வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிடச் சின்னவர்கள். அவர்களும் வாய் தவறி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படிக்க வருவதற்கு முன்பு மின்சார அலுவலகத்தில் புகார் எடுக்கும் தொலைபேசி முன்னால் உட்கார்ந்திருந்தவர். கரண்ட் போனவர்கள், யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபத்தையெல்லாம் அவர் காதில்தான் கொட்டினார்கள். அந்த வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் உளவியல் பட்டம் வாங்கினார். பிறகு வேலையை விட்டுவிட்டு எங்களோடு முதுநிலைப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்.

நாங்கள் படித்ததற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, விஷயம் எளிது. ஒரு மனிதரை எந்த எண்ணம் வாட்டுகிறது, அதற்குப் பயந்து அவர் எதையெல்லாம் விட்டு ஒதுங்குகிறார் என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த எண்ணம் நிஜமா என்று பேசிப் பார்த்தால் மட்டும் போதாது, செய்தும் பார்க்க வேண்டும். லிஃப்டில் ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்கிறவரோடு லிஃப்டில் ஏற வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இதைக் கேட்டுவிட்டு, தான் தினமும் இத்தனை பேரை ஏற்றி இறக்குவதற்கு ஒருத்தரும் பட்டம் தரவில்லையே என்று கேலி செய்தாராம். மாமியாருக்கோ, பேசுவதற்கு எதற்குத் தனியாக ஒரு படிப்பு என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

பயிற்சி மையத்தின் மேல்மாடியில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, மூலையில் ஒரு கேமரா. நோயாளியின் சம்மதத்தோடு ஒரு அமர்வை முழுதாகப் பதிவு செய்து கொடுத்தால், அதைப் போட்டுப் பார்த்து மார்க் போடுவார்கள். இன்றைக்கு எதைப் பேசுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தீர்களா, நடுநடுவே தொகுத்துச் சொன்னீர்களா, வீட்டில் செய்து பார்க்க வேலை கொடுத்தீர்களா, நேரத்துக்கு முடித்தீர்களா. எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. வந்தவர் தேறினாரா என்பதற்கு மட்டும் கிடையாது. சேர்ந்த புதிதில் நான் இதைக் கேட்டதற்கு, அதை அளப்பது கடினம் என்றார்கள். அளப்பது கடினம் என்றால் விட்டுவிடலாம் போலிருக்கிறது.

அக்கா இந்தப் பதிவில் இரண்டு தடவை தோற்றுப்போனார். இரண்டு தடவையும் ஒரே குற்றம்தான். வந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள், இவர் அழுது முடிக்க விட்டார். புகார் எடுத்த பழக்கம். பேச வந்தவர்களைப் பாதியில் நிறுத்தி, இன்றைக்கு எதைப் பேசலாம் என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. மூன்றாவது தடவையும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேண்டுமானால் அடுத்த வருடம் முதலிலிருந்து சேரலாம் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவரிடம் சொல்கிற பேச்சா இது?

அப்போதுதான் எங்கள் வகுப்பின் முதல் மார்க்குக்காரன், டாப்பர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அக்கா, லாரி அண்ணனை எடுத்துக்கோங்க. நல்ல பேஷண்ட். கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிடலாம்."

நல்ல பேஷண்ட் என்றால் எங்கள் மையத்தில் தெளிவாகப் பேசுகிறவர், நேரத்துக்கு வருகிறவர், அழாதவர் என்று அர்த்தம். லாரி அண்ணன் அப்படிப்பட்டவர்தான். ஒருநாள் லோடோடு மேம்பாலத்தில் ஏறும்போது அவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, செத்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவர்தான், மறுபடி ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது பயத்தால் வரும் படபடப்பு என்று சொல்லி எங்கள் மையத்துக்கு அனுப்பினார்கள். லாரி ஷெட் முதலாளி பழகின மனிதராச்சே என்று அவரை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும்.

டாப்பர் இவரை வைத்துத்தான் முதல் மார்க் வாங்கினான். அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இவரை வைத்துத் தேறியிருந்தார்கள். பதிவு முடிந்ததும் ஒவ்வொருவரும் அவரை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா நான்காவது ஆள்.

வாரம் ஒரு நாள், எங்கள் வேலையை மேற்பார்வை செய்கிற பெரிய மேடத்தின் முன்னால் நாங்கள் சிலர் உட்கார்ந்து ஒருவர் பதிவை ஒருவர் பார்ப்போம். அக்காவும் லாரி அண்ணனும் பேசிய முதல் அமர்வை அங்கேதான் பார்த்தேன். மனிதர் உள்ளே வந்தார், கும்பிட்டார், உட்கார்ந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்கு எதைப் பேசலாம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமா மேடம்" என்று அவரே கேட்டார். பிறகு எழுந்து போய் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டார். நெஞ்சு அடிக்கிறது, மாரடைப்பு என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது என்று அம்புக்குறி போட்டு, படபடப்பு எப்படித் தன்னையே வளர்த்துக்கொள்கிறது என்று அக்காவுக்கே விளக்கினார். டாப்பர் விழுந்து விழுந்து சிரித்தான். பெரிய மேடம் அருமை என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய மனிதரைக் கிளிப்பிள்ளை ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று இருந்தது.

பதிவு முடியப் போகிற நேரத்தில் அக்கா ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவும் தெரிந்த பிறகு வண்டியில் ஏறிப் பார்த்தீர்களா என்று. லாரி அண்ணன் கையிலிருந்த மார்க்கரின் மூடியை மூடினார்.

"இல்ல மேடம். அதுக்கு இன்னும் யாரும் வரல."

அக்கா புரியாமல் பார்த்தார். அவர் விளக்கினார். ஒவ்வொருவரும் இந்த வட்டம் வரைக்கும் நன்றாகச் சொல்லித் தருவார்களாம். அடுத்த வாரம் வண்டி பக்கம் போவோம் என்பார்களாம். அடுத்த வாரம் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார், மறுபடி வட்டத்திலிருந்து ஆரம்பம். நீங்களாவது கேட்டிருக்கலாமே என்றார் அக்கா. "இலவசமாப் பாக்கறீங்க, நான் எப்படி மேடம் கேக்கறது" என்றார் அவர்.

கைகால் உடைந்தவரை மாற்றி மாற்றி எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்பினால் ஊர் சும்மா விடுமா? இங்கே அதைத்தான் செய்திருக்கிறார்கள், அதற்கு மார்க்கும் கொடுத்திருக்கிறார்கள். பயத்தை நேரில் போய்ச் சோதிப்பது பற்றி எங்களுக்கு ஒரு வாரம் முழுக்க ஸ்லைடு போட்டு வகுப்பு எடுத்தவர் பெரிய மேடம். அவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, கடைசியில் மட்டும் கொஞ்சம் திசை மாறிவிட்டது, பரவாயில்லை, இதையே கொடுத்துவிடலாம் என்றார். அக்கா, இவரை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, அந்த அமர்வைப் பதிவு செய்து கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாகப் போங்கள், பதிவு தெளிவாக இருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பார்க்கலாமை நம்பித்தான் அக்கா லாரி ஷெட்டுக்குப் போனார்.

முதல் நாள் நிறுத்தி வைத்த வண்டியில் வெறுமனே உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி லாரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மாத்திரை, மடியில் தண்ணீர் பாட்டில். எஞ்சினைப் போட்டால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டதற்கு, நெஞ்சு அடித்து அங்கேயே மயங்கி விழுவேன், நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம் என்றார். நெஞ்சு அடித்தால் மயக்கம் வந்துதான் தீருமா, அதையே முதலில் பார்ப்போம் என்று அக்கா அவரை இறக்கி, வண்டிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். தானும் சேர்ந்து ஓடினார். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அம்மா ஓடுவதை வேடிக்கை பார்த்தார்கள். இருவருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நெஞ்சு அடிக்காத அடி அடித்தது. லாரி அண்ணன் விழவில்லை. அக்காதான் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் எஞ்சின் ஓடியது, பிறகு வண்டி ஷெட்டுக்குள் ஊர்ந்தது, பிறகு தெருவுக்கு வந்தது. மாத்திரையும் பாட்டிலும் கேட்டிலேயே தங்கிவிட்டன. கடைசியில் ஒரு விடுமுறை நாளில், ரோடு காலியாக இருக்கும் நேரம் பார்த்து, அவசரத்துக்கு இன்னொரு டிரைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார்கள். மையத்தின் ரெக்கார்டர் அக்காவின் மடியில் இருந்தது.

அந்தப் பதிவைத்தான் அக்கா கொடுத்தார். பெரிய மேடத்தின் அறையில் அதைப் போட்டபோது எஞ்சின் சத்தம் சுவரில் மோதியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மனிதக் குரல் கேட்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது மேடம் என்றார் அவர்.

"அடிக்கட்டும் அண்ணே. நீங்க ரோட்டைப் பாருங்க."

பிறகு வெகுநேரம் எஞ்சின் மட்டும்தான். கியர் மாறியது. எங்கோ ஒரு ஹாரன். அதன் பிறகு அவர் குரல், சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல வந்தது.

"மேடம், பாலம் முடிஞ்சிருச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன். பெரிய மேடம் ரெக்கார்டரை நிறுத்தினார். எதைப் பேசுவது என்று முடிவு செய்ததும் கேட்கவில்லை, தொகுத்துச் சொன்னதும் கேட்கவில்லை, சத்தம்தான் கேட்கிறது, இதை மதிப்பிட முடியாது என்றார். முடிவு செய்ததெல்லாம் ஷெட்டிலேயே பேசியாகிவிட்டது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். பதிவில் இல்லாதது நடக்காதது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அந்த முதல் அமர்வு இருக்கிறதே, அதைக் கொடுங்கள், நல்ல மார்க்கே வரும் என்று தட்டியும் கொடுத்தார்.

அக்கா தலையாட்டிவிட்டால் முடிந்தது, பாஸ். எதிரில் உட்கார்ந்திருந்த டாப்பர் சரி என்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினான்.

"அதுல வேலை செஞ்சது அவர் மேடம். மார்க்கை அவருக்குப் போடுங்க."

அக்கா அதோடு நிறுத்தவில்லை. அவருக்கு இனிமேல் சிகிச்சை தேவையில்லை, மறுபடி லோடு ஏற்ற ஆரம்பித்துவிட்டார், அனுப்பி வைத்துவிடலாம் என்றார். அப்போதுதான் பெரிய மேடத்துக்கு முகம் மாறியது. அத்தனை நேரம் பொறுமையாகப் பேசியவர், அதை நீங்களாக எப்படி முடிவு செய்யலாம் என்றார். அடுத்த பேட்ச் வரப்போகிறது, அவரைப் போலத் தெளிவாகப் பேசுகிற பேஷண்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் பேஷண்ட்டா மேடம், பாடப் புத்தகமா" என்று கேட்டுவிட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன்.

அக்கா ஃபெயில். பட்டியலில் பெயர் இல்லாத அன்றைக்கு நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் கேலி பேசுகிற வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்தார். பேசுவதற்கு எதற்குப் படிப்பு என்ற மாமியார், அந்தப் பொம்பளையின் வீடு எங்கே, நான் வந்து பேசுகிறேன் என்று செருப்பைத் தேடினார். பள்ளிக்கூடம் படிக்கும் மகள் மட்டும் அம்மாவின் பாடத்தையே எடுத்து ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். "தோத்துட்டோம்ங்கறது ஒரு எண்ணம்தானேம்மா, உண்மை இல்லையே" என்றாள்.

"இல்லடி. இது உண்மை. ஆதாரம் இருக்கு" என்றார் அக்கா. அப்புறம் இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அக்கா, எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில மாதம் கழித்து என் சான்றிதழை வாங்க மைய அலுவலகத்துக்குப் போனேன். புதிய பேட்ச் வந்திருந்தது. குமாஸ்தா யாருக்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். போனிலிருந்து வந்த எஞ்சின் சத்தம் அறையை நிறைத்தது. புதிய மாணவர்களுக்காக நீங்கள் வாரம் ஒருமுறை வரவேண்டும் என்று குமாஸ்தா ஆரம்பித்தார்.

"சார், வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஓட்டும்போது பேசக்கூடாது, வெச்சிடறேன்."

போன் வைக்கப்பட்டது. குமாஸ்தா உச்சுக்கொட்டிவிட்டுக் கணினியில் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். லாரி அண்ணனின் பெயருக்கு நேரே, சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர் என்று இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. காதில் விழவில்லையா, அந்த மனிதர் லாரி ஓட்டுகிறார், குணமாகிவிட்டார் என்று போடுங்கள் என்றேன்.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகவே விளக்கினார்.

"குணமாயிட்டார்னு போடணும்னா, சிகிச்சை கொடுத்தவங்க கையெழுத்து வேணும்மா. அவங்கதான் பாஸ் ஆகலையே."