முப்பத்தாறு வோல்ட் அண்ணி

என் அண்ணி பல் செட் செய்கிறவள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை எதிரில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் மெழுகும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். மயிரிழை பிசகினாலும் செட் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கமோ என்னவோ, "ஏறக்குறைய" என்ற பேச்சே அவளிடம் எடுபடாது.

விடுமுறை நாட்களில் அண்ணனும் அவளும் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஓர் அறைக்குப் போவார்கள். நானும் கூடவே ஒட்டிக்கொள்வேன். இயந்திரப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து அங்கே ஒரு குழு வைத்திருந்தார்கள். கணினி சொல்கிறபடி மரப்பலகையைச் செதுக்கும் இயந்திரம் ஒன்றை எல்லோருமாகக் கட்டினார்கள். அதை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவ் பெட்டிகளும் அண்ணி கொண்டுவந்தவை. சட்டமும் மேசையும் மற்றவர்களுடையவை.

எல்லாம் பூட்டியாயிற்று. எத்தனை வோல்ட் சப்ளை போடுவது என்ற இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

"பெட்டி மேலயே அம்பது வரைக்கும்னு போட்டிருக்கு. நாப்பத்தெட்டு போட்டா பறக்கும்" என்றார் குழுத் தலைவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முப்பத்தாறு போதும்ண்ணே" என்றாள் அண்ணி.

"ஏம்மா, மோட்டார் தாங்காதா?"

"மோட்டார் தாங்கும். டிரைவ்தான் தாங்காது. ஓடுறப்ப ஒண்ணும் ஆகாது. வேகமா போறதைச் சட்டுனு நிறுத்துறப்பதான் வில்லங்கம். மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி கரண்ட்டைத் திருப்பி அனுப்பும். அந்த நேரத்துல உங்க நாப்பத்தெட்டு அம்பதைத் தாண்டிடும்."

இது அவள் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னதல்ல. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு டிரைவ் அப்படித்தான் உயிரை விட்டது. ஓடும்வரை சமர்த்தாக ஓடி, நிறுத்தியதும் 'பட்'டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பெட்டியே மட்டமான சரக்கு என்றான் அண்ணன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. உச்ச அளவைப் பிடித்துவைக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, இன்னொரு டிரைவைப் பலி கொடுத்தாள். நாற்பத்தெட்டில் ஓட்டி நிறுத்தியதும் மீட்டர் ஐம்பத்து மூன்று காட்டியது. முப்பத்தாறில் ஓட்டி நிறுத்தியபோது நாற்பத்தொன்றோடு நின்றது. ஐம்பது தாங்குகிற பெட்டிக்கு அந்த இடைவெளி வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

தலைவர் சிரித்தார். "நான் வாழ்நாள் பூரா லிஃப்ட்டை ஏத்தி இறக்கினவன்மா."

"அதனாலதான் கேக்கறேன். லிஃப்ட்ல அப்படித் திரும்பி வர்ற கரண்ட்டை எரிக்கத் தனியா ரெசிஸ்டர் வச்சிருப்பீங்க இல்ல? இங்க அது எங்க இருக்கு?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கையைத் தூக்குங்க. எது வேணும்?" என்றார். மற்ற எல்லாக் கைகளும் நாற்பத்தெட்டுக்கு உயர்ந்தன, அண்ணன் கை உட்பட.

அண்ணி ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்தாள். "ஓட்டு போட்டா வோல்ட்டு அடங்கிடுமா?" என்று கேட்டுவிட்டு, திருப்புளியை எடுத்து மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டிரைவ் பெட்டிகளையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தான். "விட்டுக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"என்னையக் கேட்டா விட்டுக் கொடுப்பேன். அந்தப் பெட்டி விட்டுக் கொடுக்காதே, என்ன பண்ண?"

அதற்குப் பிறகு சில மாதம் எங்கள் வீட்டில் கட்டிலில்தான் சாப்பாடு. மேசையை அண்ணி தன் சொந்த இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று மேலே வந்தார். "உங்க டிவியை நான் சகிச்சுக்கலையா?" என்றாள். அவர் வந்த வழியே போனார். குழுவில் அவளுக்கு 'முப்பத்தாறு' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "வயசைக் குறைச்சுத்தானே சொல்றாங்க, சந்தோஷம்" என்றாள்.

நூலகக் கூடத்தில் இந்த மாதிரி இயந்திரங்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. ஒரே படத்தை ஒரே அளவுப் பலகையில் யாருடையது முதலில் செதுக்குகிறது என்று போட்டி. குழு வேறு மோட்டாரும் அதே மாதிரி ஐம்பது வோல்ட் டிரைவும் வாங்கி, நாற்பத்தெட்டைப் போட்டு வந்திருந்தது. புகையும், புகையும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். புகையவில்லை. முதலாவதாக முடித்தது. அண்ணியுடையது கடைசிக்கு முந்தியது.

"பாத்தியாம்மா?" என்றார் தலைவர்.

"பாத்தேன். தோத்துட்டேன். அதுக்காக மாத்த மாட்டேன். நடுவுல சட்டுனு நிறுத்தவே இல்லையே. நிறுத்துறப்ப எவ்வளவு ஏறுதுன்னு அளந்தீங்களா?"

"எதுக்கு அளக்கணும்? ஓடுதே."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுவாளோ என்று பயந்தேன். மறுவாரம் எண்பது வோல்ட் தாங்கும் டிரைவ் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. அவற்றுக்கு அவள் போட்டது நாற்பத்தெட்டு.

அண்ணன் விடவில்லை. "அப்போ அவங்க சொன்னது சரின்னு ஆச்சு!"

"நாப்பத்தெட்டோட எனக்கு என்ன சண்டை? மேல இடம் விடாம முட்ட முட்ட போடறதோடதான் சண்டை. இப்ப இடம் இருக்கு, போட்டேன்."

அடுத்த விடுமுறையன்று இயந்திரத்தை அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை மாடியேறினோம். அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. குழுவின் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, நடுவழியில் நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். மேசை அதிர்ந்தது. பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப உங்களோடது" என்று நகர்ந்து நின்றாள். "இதே வேகத்துல ஓட்டி, இதே மாதிரி நிறுத்துங்க."

தலைவர் இயந்திரத்தை ஓடவிட்டார். நிறுத்தும் பொத்தான் வரை விரல் போனது. அங்கேயே நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் முதலில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அப்புறம்தான் அழுத்தினார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. பையிலிருந்து அந்த மீட்டரை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அளந்துட்டுத் திருப்பித் தாங்க. அது எனக்கே இரவல்தான்."