லூசான நட்டும் அழகர் மேல போட்ட பழியும்

வண்டிக் கதவத் திறந்ததுமே ஒரு வாசனை வந்துச்சு... பழைய டீசல், காபித்தூள், வெயில்ல வெந்த பிளைவுட், எல்லாம் கலந்து.

2000-கள்ல துபாய்ல, ஜெபல் அலி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல நான் கார்பெண்டர். வண்டிகளுக்கு பாடி கட்டுற இடம். அங்க ஒரு நாள் வந்து நின்னுச்சு அந்த வண்டி. வீட்டையே வண்டிக்குள்ள வச்ச மாதிரி... கட்டில், அடுப்பு, தலைக்கு மேல வரிசையா அலமாரி. எங்கள விட வயசான வண்டி. ஒரு ஜெர்மன்காரரும் அவர் சம்சாரமும் அதுலயே ஈரான் வழியா வந்திருந்தாங்க. அடுத்து ஓமன் போகணும்.

அலமாரி எல்லாம் ஆடுது. ஸ்க்ரூவ முறுக்குனா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கவே இல்ல. மரத்துக்குள்ள பதிச்சிருந்த பித்தளை நட்டு எல்லாம் ரோட்டு ஆட்டத்துல லூசாகிப் போச்சு.

என்கூட வேலை பார்த்தவன் அழகர், பரமக்குடிப் பக்கம். ஒரு நட்டை விரலாலயே உருவி எடுத்தான். கூடவே மரத்தூள் கொட்டுச்சு.

"மரம் மாவாப் போச்சுண்ணே. ஓட்டையப் பெருசாக்கி, பசை போட்டு நல்ல கட்டையா அடிச்சு, காஞ்சப்புறம் புதுசா துளை போட்டுத்தான் நட்டை ஏத்தணும்."

போர்மேன் தமிழ் ஆளுதான். எங்ககிட்ட ஹிந்திலதான் பேசுவார். திட்டும்போது மட்டும் தமிழ் வரும்.

"கட்டையாவது மண்ணாவது... பசைய அப்பி அதே ஓட்டைல திணிங்கடா. நாளைக்கு டெலிவரி. ஓமன்ல விழுந்தா அவன் திரும்பியா வரப்போறான்? யல்லா, சீக்கிரம்!"

அழகர் கேக்கல. அடுப்புக்கு மேல இருந்த அலமாரிய நாங்க ரெண்டு பேரும் முறையா செஞ்சோம். போர்மேன் கடுப்பாகி எங்கள வெளிய அனுப்பிட்டு, கட்டிலுக்கு மேல இருந்தத வேற ஆள் வச்சு, தானே பக்கத்துல நின்னு, பசைய அப்பி முடிச்சார்.

திரும்பி வந்தாங்க.

ஓமன் மலை ரோட்டுல ஆடி ஆடி, வண்டிய நிறுத்தி அந்த அம்மா கட்டிலுக்கு மேல இருந்த அலமாரியத் திறந்ததும் மொத்தமா பெயர்ந்து கை மேல விழுந்திருக்கு. கைல மாவுக்கட்டு.

மேனேஜர் சத்தம் போட்டார். போர்மேன் கொஞ்சம் கூட யோசிக்கல... "இவன்தான் சார் செஞ்சான்"னு அழகரைக் கை காட்டினார்.

"கலாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல் பண்ணு, ஊருக்கு அனுப்பு"ன்னுட்டார் மேனேஜர்.

அழகர் சம்சாரம் மாசமா இருந்த நேரம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... "சார், கம். யூ சீ"ன்னு எல்லாரையும் வண்டிக்குள்ள கூட்டிட்டுப் போனேன். நாங்க செஞ்ச அலமாரியப் பிடிச்சு, காலை மடக்கி, முழு வெயிட்டும் போட்டுத் தொங்கினேன். அசையல. அப்புறம் விழுந்த அலமாரியக் காட்டினேன். நட்டு மேல பசை, பசை மேல மரத்தூள்.

"திஸ் அழகர். தட் போர்மேன்."

ஜெர்மன்காரர் ரெண்டையும் தொட்டுப் பாத்தார். "இனிமே இந்த அழகர் மட்டும்தான் என் வண்டியத் தொடணும்"னு மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னார்.

அழகர் வேலை தப்பிச்சுது. அவ்வளவுதான். போர்மேன யாரும் ஒரு கேள்வி கேக்கல. ஒரு ஸாரி கிடையாது!

எல்லா நட்டையும் அழகர்தான் திரும்ப செஞ்சான். அந்த அம்மா ஒத்தக் கையால எங்களுக்கு காபி போட்டுக் குடுத்து, "அலகர்... அலகர்"னு பேர் சொல்லிப் பழகுச்சு.

வண்டி கிளம்புற அன்னிக்கு போட்டோ எடுத்தாங்க. முன்னாடி நெஞ்சை நிமித்தி நின்னது யாருங்கிறீங்க? போர்மேன்! எங்க ரெண்டு பேரையும் அந்த நேரம் பாத்து யார்டுல, மொட்டை வெயில்ல, சாமான் இறக்க விட்டிருந்தார்.

போன வாரம் பழைய ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த போட்டோவ அவரே போட்டிருக்கார். கீழ "நாங்க செஞ்ச வேலை... பொற்காலம்"னு எழுத்து வேற. அதுக்கு எத்தனை கும்பிடு, எத்தனை பூங்கொத்து! அடுத்தவன் சோத்துல மண்ணப் போடப் பாத்த மனுசனுக்குப் பொற்காலமாம்.

"அந்த வேலை அழகர் செஞ்சது"ன்னு நான் எழுதினேன். உடனே அட்மின், "பழசெல்லாம் இப்ப எதுக்கு பிரதர்?"ங்கிறான். ஏன்யா, போட்டோவே பழசுதான!

அழகருக்கு போன் போட்டேன். சிரிக்கிறான். "விடுண்ணே, அந்த ஜெர்மன்காரங்க பத்திரமா ஊர் போய்ச் சேந்திருப்பாங்கல்ல"ங்கிறான். எனக்குத்தான் ஆறல.

அப்ப எனக்கு இங்கிலீஷ் வராது, ஹிந்தியும் அரைகுறை. ஆனா கோவம் வந்தா மூஞ்சிக்கு நேரா போய் நின்னேன். பக்கத்துல நிக்க அழகர் இருந்தான். இப்ப எல்லா பாஷையும் வருது... திருச்சில ஃபேனுக்கு அடியில உக்காந்து பக்கம் பக்கமா டைப் பண்றேன். நீங்களும் படிச்சிட்டு ஒரு லைக் போட்டுட்டுப் போயிடுவீங்க.

மனசுதான்... அன்னிக்கு நேர்ல கேட்டப்ப ஆன மாதிரி லேசாக மாட்டேங்குது.