அலுமினியம் கூடாது

ஓர் அலுமினியக் குண்டான் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. உட்புறமெல்லாம் கறுத்து, செஞ்சிக்கு அருகே வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பால் சொசைட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. வருகிற விருந்தாளிக்கு டீ போடுவதற்காக, அந்த ஊர் மகளிர் குழுவின் செயலாளர் அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த குண்டான் அது.

தொண்ணூறுகளின் கடைசியில், வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மகளிர் குழுக்களுக்குக் குளியல் சோப்பு செய்யக் கற்றுத்தர வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் குழு அந்த ஊர்க் குழு. பன்னிரண்டு பெண்கள். என்னைச் 'சோப்பு டீச்சர்' என்பார்கள். எட்டாவது வரை படித்தவர் என்பதால் அந்த அக்காவைச் செயலாளராக வைத்திருந்தார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் குழு நோட்டில் எழுதுவார். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஒருமுறை எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "எண்ணெயும் காரத் தண்ணியும் சேந்து சோப்பா ஆவுது, சரி. அந்தக் காரம் எங்க டீச்சர் போவுது?" என்று கேட்டார். மூன்று வருடம் கல்லூரியில் படித்த நான் அப்படியொரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

காஸ்டிக் சோடாவைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தேன். தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைக்கலாம், எவர்சில்வரிலும் கரைக்கலாம். அலுமினியம் கூடாது, பொங்கிவிடும். செயலாளர் அக்கா அந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டார். அடுத்த வகுப்பில் செய்த கட்டிகள் ஒரு மாதம் காய வேண்டும் என்று சொல்லியும் கேட்காமல், மறுநாளே எடுத்துக் கை கழுவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாவது வகுப்பைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து எங்கள் இயக்குநர் வருவதாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அன்றைக்கென்று பிளாஸ்டிக் பக்கெட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மற்ற பெண்கள் ரோட்டு முனையில் வரவேற்கக் காத்து நின்றார்கள். பால் சொசைட்டி வாசலில் நானும் செயலாளர் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். டீக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, காஸ்டிக் சோடாப் பொட்டலத்தோடு அவர் முன்னால் வைத்தேன்.

"டீச்சர், இது அலுமினியமாச்சே. ஆவாதுன்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க? கொல்லை வூட்ல பிளாஸ்டிக் பக்கெட் கீது. ஜல்தியா போய் எடுத்தாந்துடறேன்."

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

"நேரமில்லக்கா. கொஞ்ச நேரம்தானே, ஒண்ணும் ஆகாது. போடுங்க."

போட்டார். உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளையாக நுரைத்து, ஆவி கிளம்பிப் பொங்கியது. பெஞ்சிலிருந்து சரிந்த குண்டானைப் பிடிக்கப் போனவரின் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அந்தக் கரைசல் வழிந்தது. அவர் அலறிய அலறலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் குடம் குடமாகத் தண்ணீரை அவர் கைமேல் ஊற்றினேன். அதையாவது சரியாகச் செய்தேன்.

"அலுமினியத்துல யார் போடச் சொன்னது?" என்றார் ஜீப்பிலிருந்து இறங்கி வந்த இயக்குநர்.

"டீச்சர்தான் சார் சொன்னாங்க. நான் ஆவாதுன்னுகூட சொன்னேன்," என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழு நோட்டை எடுத்தேன். முதல் நாள் பக்கத்தைப் புரட்டி இயக்குநரிடம் நீட்டினேன். "முதல் வகுப்புலயே சொல்லியிருக்கேன் சார்." நான் சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அக்காவின் கையெழுத்து, இரண்டு கோடுகள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதி வச்சிக்கிட்டே இப்படிச் செய்யலாமாம்மா?" என்றார் இயக்குநர். அக்காவை ஜீப்பில் ஏற்றிச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடப் போகவில்லை. யாரோ ஒரு பக்கெட் கொண்டுவந்தார்கள். நான் வகுப்பை நடத்தி முடித்தேன்.

அடுத்த மாதம் வேறொருவர் செயலாளராக இருந்தார். அக்கா அதன்பின் குழுவுக்கு வரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. சில வருடங்களில் விழுப்புரம் அலுவலகத்துக்கு மாறிப் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுப்பவளானேன். எங்கே போனாலும் ஓர் எச்சரிக்கைக் கதை சொல்வேன்: "ஒரு ஊர்ல ஒரு உறுப்பினர், சொன்னதைக் கேட்காம அலுமினியத்துல கரைச்சு..." சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டிருந்தேன்.

பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, வளவனூரில் ஒரு பயிற்சியில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "அவங்க ஏன் மேடம் கேக்கல? படிக்கத் தெரியாதவங்களா?" என்று கேட்டாள். அந்த வாரமே செயலாளர் அக்காவின் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

செயலாளர் அக்கா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைத் தொலியை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். கையில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான்தான் போடச் சொன்னேன். சார்கிட்ட உங்கள மாட்டிவிட்டுட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "அது எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்கு வந்து சொல்லிக்கினு கீறீங்க? பேச்ச கேக்காத பொம்பளன்னு ஊரே சொல்லுது. அன்னிக்கு சுத்தி நின்னாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லுங்க. அதோ, எதிர் வூட்லயே ஒருத்தி கீறா."

எதிர் வீட்டுக்குப் போனேன். "ஐயோ, நம்ம சோப்பு டீச்சரு!" என்று அந்த அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். டீ கொடுத்தார். நான் கற்றுக்கொடுத்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். பிறகு மோவாயால் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அவதான் அன்னிக்கு நீங்க சொன்னத கேக்காம கைய வேவ வெச்சிக்கினா, ஞாபகம் கீதா?" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது.

"ஞாபகம் இருக்கு," என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

தெருவில் இறங்கியபோது அக்கா தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சொன்னீங்களா என்று கேட்கவில்லை. மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.