வாசற்படியில் ஒரு பை தவிடு

போன வாரம் என் கணவர் மாட்டுக்குத் தவிடு வாங்கிவந்து, பையை வாசற்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சாதாரண மஞ்சப்பை. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்குக் கை வரவில்லை. படித்து வேலைக்குப் போகிறவள் தவிட்டுக்குப் பயப்படுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் அடம்பிடிக்கும் பிள்ளையை, "உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று சீண்டுவார்கள். என் விஷயத்தில் அது நிஜம். அம்மா இறந்தபின் அப்பா என் கைகளைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் குடிக்கப் போவார். அதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தவர் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. மாரியம்மன் கோயில் வாசலில், ஊரார் முன்னால், அப்பாவிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டார். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் கொல்லையை ஒட்டிய அவர் வீட்டுக்கு நான் அப்படித்தான் வந்தேன். தவிடு கைமாறிவிட்டால் பிள்ளை நம்முடையது என்பதுதான் பெரியம்மா அறிந்த சட்டம். தத்தெடுப்புக்கு வேறு வழிமுறை இருப்பது அவருக்குத் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வந்தார். ரஞ்சன்குடிப் பக்கம் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். வாசற்படியில் ஒரு மஞ்சப்பையை வைத்தார்.

"இந்தாங்க உங்க தவிடு. எம்புள்ளையக் குடுத்துடுங்க. நாளைக்கு வரேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் பாவாடையை நனைத்துவிட்டேன்.

பெரியம்மா அந்தப் பையைத் தொடவில்லை. எடுத்து உள்ளே வைத்தால் திரும்ப வாங்கிக்கொண்டதாகிவிடும். கோழிகள் கொத்த வந்தபோது, நம் வீட்டுக் கோழி தின்றாலும் நாம் தின்றதாகத்தான் ஆகும் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினார். அழுதுகொண்டே விரட்டினார். பெரியவர்கள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவரே பயந்தால் என்னை யார் காப்பாற்றுவது?

மறுநாள் விடிந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். தலைமையாசிரியை விவரம் கேட்டு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினார். அரியலூரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நின்றோம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்கிறவர்கள் அவர்கள். அப்பாவும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

அங்கே பெரியம்மா சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை.

"தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டாருங்க. இனிமே எனக்குப் பேச வாயில்லீங்க மேடம்."

குழுவின் தலைவியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "தவிட்டக் குடுத்ததும் சட்டத்துல செல்லாது, திருப்பிக் குடுத்ததும் செல்லாதும்மா. பெத்தவருங்கறதுக்காக மட்டும் அனுப்பிட மாட்டோம். புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்போம்" என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். "எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?"

"அது அப்புறம் பாத்துக்கலாங்க. வூட்ல கைப்புள்ள இருக்கு. தூக்கி வச்சுக்க ஆளில்லீங்க."

தலைவியம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "அப்பா வூட்டுக்குப் போனா என்னம்மா பயம்?" என்று என்னைக் கேட்டார். கதவுக்கு வெளியே அப்பா செருமுவது கேட்டது. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினேன்.

நான் பெரியம்மாவிடமே வளரலாம், குழுவின் அனுமதி இல்லாமல் அப்பா என்னை அழைத்துப்போகக் கூடாது என்று உத்தரவானது. பெரியம்மா அந்தத் தாளை மடியில் செருகிக்கொள்ள, வீடு வந்தோம். பை அதே இடத்தில் இருந்தது. சட்டத்தில் செல்லாத தவிடு. ஆனாலும் பெரியம்மா, வளர்ந்த பிள்ளையான என்னை மூச்சு வாங்க இடுப்பில் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார். மழையில் ஊறி மட்கும்வரை அந்தப் பை அங்கேயே கிடந்தது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் பெரியம்மா முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் பார்ப்பார்.

அப்பா இப்போது இல்லை. பெரியம்மாவும் இல்லை. என்னைக் கேட்டு வர இனி யாரும் கிடையாது. போன வாரம் கணவர் வைத்த பையின் முன்னால் நான் நின்றபோது, கொல்லையில் மாடு கத்திக்கொண்டிருந்தது.

"நான் எடுத்துட்டு வரட்டாம்மா?" என்று என் மகள் பையின் காதைப் பிடிக்கப் போனாள். வெடுக்கென்று அவள் கையை இழுத்தேன். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பையைத் தாண்டி உள்ளே போனேன்.