கொட்டகையில் போட்ட பந்தி

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், காஜா பேராங் ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகையில் எனக்குத் தீனி வைக்கும் வேலை. பதினாறு மாடுகள். ஒரு காலை முதலாளி கூப்பிட்டார்.

"செவலை கன்னு போட்டு ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு போத்தல் பால் தேறல. மாசக் கடைசில வெட்டுக்குக் குடுத்திடப் போறேன்."

என் கையால் தின்ற மாடு கத்திக்குப் போவதா என்று மாரியம்மனிடம் அழுதேன். தீனியில் நான் குறை வைத்ததில்லை. நீளத் தொட்டியில் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து கொட்டி, எல்லா மாட்டையும் ஒன்றாக அவிழ்த்துவிடுவேன்.

புல் அறுத்து வரும் பேச்சாயி என்னைவிட இளையவள். புல்லுக்கட்டை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க கொட்டிட்டுத் திரும்பிடுறீங்க. செவலை வாய வச்சதும் கொம்புக்காரி ஒரு முட்டு முட்டுறா. அது பின்னால போயி நின்னுக்குது. கோயில்ல பந்தி போடத் தெரியுதில்ல? இங்க மட்டும் ஏன் எல்லாருக்கும் ஒரே எல?"

மறுநாளே மூன்று பந்தியாகப் பிரித்தேன். கோயில் பழக்கத்தில் மூத்த மாடுகளை முதலில் விட்டேன். இளசான செவலைக்குக் கடைசிப் பந்தி, மிச்சம்தான் கிடைத்தது. ஒரு வாரம் வீணானது. கொட்டகையின் மொத்தப் பாலும் குறைந்தது.

"என்னய்யா, மாட்டுக்கு விரதமா?" என்றார் முதலாளி.

பேச்சாயி சிரித்தேவிட்டாள். "பால் வத்துன கிழவிக்கா முதல் பந்தி? நெறைய கறக்கிறவளுக்கு நெறைய வைங்க. கிழவிக்குப் புல்லு போதும்."

"அப்ப செவலை? அது கறக்கலையே."

"திங்க விட்டாத்தானே கறக்கும்? செவலையோட சேத்து, முதக் கன்னு போட்ட தலையீத்து மாடு மூணையும் தனியா விடுங்க. அதுங்களுக்குள்ள சண்ட இல்ல."

அப்படியே செய்தேன். செவலை தலையைத் தூக்கிப் பார்க்காமல் தொட்டி காலியாகும்வரை தின்றது. பால் மூன்று போத்தலானது, பிறகு ஐந்து. மாசக் கடைசியில் வெட்டுக்கு வாங்குபவர் கயிற்றோடு வந்து நின்றார். முதலாளி செவலையின் மடியைப் பார்த்தார்.

"இனி தா ஜுவால்," என்று மலாயில், விற்பனைக்கில்லை எனச் சொல்லி அவரை அனுப்பினார். பிறகு என் முதுகில் தட்டினார்.

"நான் இல்லீங்கய்யா, பேச்சாயி," என்றேன்.

"புல்லுக்காரியா?" என்று கேட்டவர், மறுநாளிலிருந்து அவளைக் கேட்காமல் எந்த மாட்டையும் இடம் மாற்றவில்லை.

பண்ணை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தீனியை அளந்து கொட்டுவது பாதி வேலை. அது எந்த வாய்க்குள் போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். நான் அழுது கேட்டதற்கு அம்மன், தலையில் புல்லுக்கட்டோடு வந்து பதில் சொன்னாள் என்றே இன்றும் நம்புகிறேன்.